வெயில் பார்த்து விதைப்போம் சூரியகாந்தி

சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டால் சைனாடவுன் கடைகளில் வறுத்த சூரியகாந்தி விதை குவிந்துகிடக்கும். கொறிக்கச் சுவையாக இருக்கும். ஆனால், நட்டால் முளைக்காது. வீட்டில் வளர்க்க நினைப்பவர்கள் செடி விற்கும் கடைகளில் நடவு விதையாகக் கேட்டு வாங்கவேண்டும். தொட்டிக்குக் குள்ள வகையே ஏற்றது.

விதை வாங்கும் முன் வெயிலைக் கவனியுங்கள். அடுக்குமாடி வீடுகளில் பலருக்குச் செடி நெட்டையாக வளைந்து, பூக்காமல் போவதற்கு வெயில் போதாததே முக்கியக் காரணம். சூரியகாந்திக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும்.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருப்பதால், மார்ச் இறுதி முதல் செப்டம்பர் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. எனவே, வடக்கு பார்த்த தாழ்வாரம் என்றால் ஏப்ரல் இறுதியிலும் தெற்கு பார்த்ததென்றால் டிசம்பர் இறுதியிலும் விதைக்கலாம். கிழக்கு, மேற்கு பார்த்த வீடுகளுக்கு ஆண்டு முழுதும் அரைநாள் வெயில் உண்டு. எதிர் புளோக்கின் நிழல் விழுகிறதா என்று ஒரு விடுமுறை நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறைந்தது 30 செண்டிமீட்டர் ஆழத் தொட்டியில் இரண்டு பங்கு மண், ஒரு பங்கு மட்கிய உரம், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள் கலந்து நிரப்புங்கள். வேரை அசைத்தால் செடி வாடும் என்பதால் விதையை நேரடியாகத் தொட்டியிலேயே 2 செண்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முளைக்கும். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும்.

மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெய், சில துளி பாத்திரச் சோப்புத் திரவம் கலந்து மாலையில் இலைகளின் அடிப்பக்கம் தெளிக்கலாம். தேனீ வரும் பூவில் படவேண்டாம்.

தொட்டித் தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகி, டெங்கி பரவும். ஒன்றுவிட்டு ஒருநாள் தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விடுவது கட்டாயம். தடுப்புச் சுவர்மீது தொட்டி வைக்கவே கூடாது; கீழே நடப்பவரின் உயிருக்கு ஆபத்து.

வெயிலே எட்டாத வீடா? தேசியப் பூங்காக் கழகம் வாடகைக்கு விடும் தோட்டப் பாத்திக்கு விண்ணப்பிக்கலாம், அல்லது பேட்டையின் சமூகத் தோட்டத்தில் சேரலாம்.

பூவின் பின்புறம் மஞ்சளானதும் வெட்டிக் காயவையுங்கள். அந்த விதை வறுக்காதது. அடுத்த பருவத்துக்கு முளைக்கும்.