பாடினால் இணையும் வரும், மவ்த்தும் வரும்

இஷா தொழுதுவிட்டு வீடு திரும்பும்போது சுவர் இடுக்கிலிருந்து 'க்ரீக் க்ரீக்' என்று ஓயாமல் ஒரு சத்தம் கேட்கும். சுவர்க்கோழிதான். அது வாயால் கத்துகிறது என்றே நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். உண்மையில் சத்தம் பிறப்பது இறக்கையில். ஓர் இறக்கையின் அடியில் அரம் போல வரிசையாகப் பற்கள் இருக்கின்றன. மற்ற இறக்கையின் விளிம்பு அவற்றில் உரசுகிறது. சீப்பின் பற்களை நகத்தால் வருடிப் பார்த்தால் விளங்கிவிடும்.

பாடுவது ஆண் மட்டுமே. பெண்ணின் காதோ முன்னங்கால்களில் இருக்கிறது! தன் இனத்துக்குரிய தாளத்தைப் பிரித்தறிந்து, இருட்டிலும் ஆண் இருக்கும் இடத்துக்கு வந்து சேரும். அருகில் வந்ததும் ஆண் உரத்த அழைப்பை விட்டுவிட்டு மெல்லிய வேறொரு பாட்டுக்கு மாறும்.

ஆனால் அந்த அழைப்பைப் பெண் மட்டும்தான் கேட்கிறதா?

பசிபிக் கடலிலுள்ள ஹவாய்த் தீவுகளில், வட அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஓர்மியா என்ற ஈயும் கேட்கிறது. இரவில் பாட்டைக் கேட்டே ஆண் சுவர்க்கோழியைத் தேடி வரும் இந்த ஈ, அதன் மேலும் சுற்றிலும் உயிருள்ள சிறு புழுக்களை விட்டுச் செல்லும். அவை உடலைத் துளைத்து உள்ளே புகுந்து தின்னும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் அவை வெளியேறும்போது சுவர்க்கோழி மடிந்துவிடும்.

அங்குள்ள கவாய் தீவில் பல ஆண்டுகளாக இப்பூச்சிகளை ஆராய்ந்தவர் மார்லின் சுக். ஆண்டுக்கு ஆண்டு பாட்டொலி குறைந்துகொண்டே போனது. இனமே அழிகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் 2003இல் இரவில் விளக்கோடு தேடியபோது சுவர்க்கோழிகள் ஏராளமாக இருந்தன. சத்தம்தான் இல்லை. ஆண்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஊமை! ஒரு மரபணு மாற்றத்தால் அவற்றின் இறக்கை தட்டையாகி, ஒலியெழுப்பும் அமைப்பை இழந்திருந்தது. இருபதுக்கும் குறைவான தலைமுறைகளில் இது நடந்து முடிந்துவிட்டது.

அப்படியானால் ஊமைகளுக்கு இணை எப்படிக் கிடைக்கிறது? பாடும் ஓரிரு ஆண்களுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்கின்றன. அந்தப் பாட்டை நம்பி வரும் பெண்ணை வழியிலேயே சந்தித்துவிடுகின்றன. அத்தீவுப் பெண்களும் பாட்டு இல்லையே என்று அதிகம் பிகு செய்வதில்லை.

பிற்பாடு மொலோகாய் தீவில் இன்னொரு வகை ஆண்கள் கண்டறியப்பட்டன. அவை ஊமையும் இல்லை, உரத்துப் பாடுவதும் இல்லை. மடியில் கிடக்கும் பூனையைப் போல மெல்ல உறுமுகின்றன. பக்கத்திலிருக்கும் பெண்ணுக்கு அது கேட்கிறது.