பி.டி. பீரியடை வாங்கிக்கொண்ட கணக்கு சார்

‘பைசன்’ படம் வந்த சூட்டோடு, அதற்கு மூலமான கபடி வீரர் மணத்தி கணேசனைப் பற்றி நாலு பக்கம் வேண்டும் என்று கேட்டார்கள். படம் பார்த்தவர்களுக்கு அவர் கதையை மறுபடி சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தப் படத்தில் மனசு போய் நின்ற இடமும் வேறு. பையனைக் கூப்பிட்டு ஆட வைக்கிறாரே, அந்த பி.டி. வாத்தியார். தியேட்டரை விட்டு வெளியே வந்த பிறகும் அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கணேசனின் ஊரான மணத்தி, ஸ்ரீவைகுண்டத்துக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே இருக்கிறது. 1986இல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை அதுவும் திருநெல்வேலிதான். இந்தப் பக்கத்து ஊர்களில் கபடிக்குக் காசு செலவில்லை. அறுப்பு முடிந்த வயல் போதும், ஆற்று மணல் போதும். கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் ‘மாபெரும் மின்னொளி கபடிப் போட்டி’ என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும்போதுதான் பைனல். மைக்கில் ஒருத்தர் தொண்டை கிழிய அணிப் பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். அப்படிப்பட்ட மண்ணில் ஆடி வந்த கணேசன்தான் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். கபடி அங்கே பதக்க ஆட்டமானதே அதற்கு முந்தைய 1990 பெய்ஜிங் போட்டியில்தான். 1995இல் அவருக்கு அர்ஜுனா விருது. பிழைப்புக்கு மின்வாரிய வேலை.

அவரைப் போன்றவர்கள் எல்லாம் தானாக முளைத்து வந்தவர்கள் என்று நாம் எழுதிவிடுகிறோம். கிராமத்துப் பையன் ஒருவன் மாநில அணி வரை போக வேண்டுமென்றால் பள்ளியிலிருந்து குறுவட்டப் போட்டிக்கு யாராவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். அங்கிருந்து வருவாய் மாவட்டம், அப்புறம் மாநிலம். ஒவ்வொரு படிக்கும் ஒரு படிவம், ஒரு வயதுச் சான்று, ஒரு தலைமையாசிரியர் கையெழுத்து, ஒரு பஸ் செலவு. வீட்டில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? பி.டி. சாருக்குத்தான் தெரியும்.

நான் படித்த பள்ளியில் ஒரு பி.டி. சார் இருந்தார். ஊர்ப் பெயர் வேண்டாம், பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்விடலாம். இளவயதில் நானூறு மீட்டர் ஓடியவர். பல்கலைக்கழக அணி வரைக்கும் போயிருக்கிறார், அதற்கு மேல் போகவில்லை. முழங்காலில் ஏதோ. அதைப் பற்றி அவர் பேசமாட்டார், நாங்களும் கேட்டதில்லை. காலை ஆறரைக்கெல்லாம் மைதானத்தில் நிற்பார். கையில் ஒரு பழைய பால்மாவு டப்பா, அடியில் ஆணியால் ஓட்டை போட்டது, உள்ளே சுண்ணாம்புத் தூள். அதைத் தட்டித் தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடந்து கபடிக் களத்துக்குக் கோடு போடுவார். கயிறு பிடிக்க ஒரு பையன். பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம். டேப்பை வைத்து அளந்து நான் பார்த்ததில்லை, எல்லாம் காலடிக் கணக்குதான். ஆனால் மாவட்டப் போட்டிக்கு வந்த நடுவர் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டேப்பைச் சுருட்டினார். அன்றைக்கு முழுக்க சார் முகத்தில் ஒரு சிரிப்பு.

“எலேய், மூச்ச விடாதல, கோட்டத் தொட்டுட்டு விடு” என்பது அவருடைய கபடிப் பாடம். ஓட்டத்துக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இன்னும் குறைவு: “கையப் பாத்து ஓடாத.” மாணவர்களின் சான்றிதழ்களை ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருப்பார். எங்கள் வீட்டில் கொடுத்தால் கரையான் தின்றுவிடும் என்று அவருக்குப் பயம், அது வீண் பயமும் இல்லை. பல வருஷம் கழித்து ஒருத்தன் போலீஸ் வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பெட்டியிலிருந்துதான் அவனுடைய தாளை எடுத்துக் கொடுத்தார்.

அந்தத் தாளுக்கு இங்கே பெரிய மதிப்பு; அதில் நாலு வகை. ஃபார்ம் ஒன் என்றால் நாட்டுக்காக ஆடியவர். ஃபார்ம் டூ மாநிலத்துக்காக தேசியப் போட்டியில் ஆடியவர். ஃபார்ம் த்ரீ பல்கலைக்கழக அணி, ஃபார்ம் ஃபோர் மாநிலப் பள்ளி அணி. அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீடு 3 சதவீதம், பொறியியல் படிப்பில் 500 இடம், எம்.பி.பி.எஸ்.ஸில் 7 இடம். இதற்காகவே இப்போது பிள்ளையை நீச்சலுக்கும் துப்பாக்கி சுடுதலுக்கும் சேர்க்கிற பெற்றோர் நகரங்களில் உண்டு. சேர்க்கட்டும். எனக்கு உறுத்துவது ஒன்றுதான். சீட்டோ வேலையோ கிடைத்த மறுநாள் அந்தப் பிள்ளை மைதானத்தை விட்டுப் போய்விடுகிறது. வேகமாக ஓடிய கால் மேஜைக்கு அடியில் போய்விடுகிறது. கோப்பு பார்க்க ஆள் கிடைப்பார்கள், நானூறு மீட்டரின் கடைசி நூறை எப்படி ஓடுவது என்று உடம்பால் தெரிந்தவர் எத்தனை பேர் கிடைப்பார்கள்?

குடும்பத்தைக் காப்பாற்றியது அந்த மேஜைதானே என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

ஆனாலும் மைதானத்துக்குத் திரும்பி வந்தவர்களைப் பாருங்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் வீட்டில் பிறந்தவர் சாந்தி சவுந்தரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். அப்போது அவர் பட்ட அவமானத்தை இந்த நாலு பக்கத்துக்குள் சொல்லி முடியாது. அவர் செய்த காரியத்தை மட்டும் சொல்கிறேன். அரசு கொடுத்த பரிசுப் பணத்தை வைத்து ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கையில் காசில்லாமல் சூளை வேலைக்கே திரும்பிய காலமும் உண்டு. பிறகு பயிற்சியாளர் பட்டயம் படித்து, அரசுப் பயிற்சியாளராகவே ஆனார். பதக்கப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் நிறுத்திய கோட்டிலிருந்து ஓடிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த மாதிரி சொல்லிக்கொடுக்கிற ஆட்களைத் தயாரிக்க நம்மிடம் நூறு வருஷப் பழக்கம் இருக்கிறது. ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920இல் சென்னையில் ஆரம்பித்த ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரிதான் இன்றைக்கும் நந்தனத்தில் நடக்கிறது. தெற்கே திருச்செந்தூரிலும் உடற்கல்விக் கல்லூரி உண்டு. ‘டிரில் மாஸ்டர்’ என்று நம் தாத்தாக்கள் கேலி பேசிய அந்த விசில்காரர்கள் அங்கெல்லாம் படித்து வந்தவர்கள். இப்போதும் பட்டம் வாங்கி வருகிறார்கள். வேலைதான் அரைகுறை. 2012இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது உடற்கல்வியும் ஓவியம், தையலோடு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. வாரத்தில் மூன்று அரை நாள், தொடக்கச் சம்பளம் 5,000 ரூபாய். திங்கட்கிழமை காலில் சுளுக்கிக்கொண்ட பையன் புதன்கிழமை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இருக்கிற பீரியடும் மிஞ்சுவதில்லை. எங்கள் பள்ளியில் அரைப் பரீட்சை முடிந்ததும் கணக்கு சார் வாசலில் வந்து நிற்பார். “சார், இந்த பீரியட மட்டும்...” என்பார். அந்த ‘மட்டும்’ மார்ச் வரைக்கும் நீளும். எங்கள் பி.டி. சார் ஒருநாள்கூட மறுத்ததில்லை. பதிலுக்கு எங்களைக் காலையில் அரை மணி முன்னால் வரச் சொல்வார். ரிசல்ட் குறைந்தால் தலைமையாசிரியருக்குத்தான் திட்டு, அவரும் பாவம். ஆனால் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மைதானம் என்பதே மறந்துபோகிற மாதிரி ஒரு வருஷத்தை நாம் சட்டம் போடாமலே உண்டாக்கி வைத்திருக்கிறோம். பதினைந்து வயதில் வருகிற வேகம் பதினெட்டில் கூப்பிட்டால் வராது.

நம் ஆட்டம் என்று நாம் நினைத்திருந்த கபடியிலேயே பாருங்கள். 1990 முதல் 2014 வரை ஆசிய விளையாட்டு ஆண்கள் கபடியில் ஏழு முறையும் தங்கம் நமக்குத்தான். 2018இல் ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் தோற்றோம். அடுத்த போட்டியில், ஹாங்சோவில், தங்கத்தை மீட்டுவிட்டோம் என்பது சரி. நம்முடைய ஆட்டத்தை நம்மை விடச் சிரத்தையாகப் படித்தவர்கள் வெளியே இருக்கிறார்கள் என்று ஜகார்த்தாவில் தோற்ற அன்றைக்கு நான் எழுதினேன், யாரும் கவனிக்கவில்லை.

கட்டுரைக்காகப் பழைய பள்ளிக்குப் போயிருந்தேன். சார் ஓய்வு பெற்றுப் பல காலமாகிறது. விளையாட்டுச் சாமான் அறையின் சாவி அறிவியல் டீச்சரிடம் இருக்கிறது. பாவம், கூடுதல் பொறுப்பு. மைதானத்தில் பாதிக்கு மேல் விலையில்லா சைக்கிள்கள். ஹேண்டில் பாரில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் வரிசையாக நிற்கின்றன. மதிய உணவு மணி அடித்ததும் ஏழெட்டுப் பையன்கள் ஓடி வந்தார்கள். சட்டையைக் கழற்றி வேப்ப மரத்தில் மாட்டிவிட்டு, ஒருத்தன் குச்சியால் கோடு இழுத்தான். ஒரு மூலை சைக்கிள் சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. கொஞ்ச நேரம் அதை நின்று பார்த்தார்கள். பிறகு, சைக்கிளைத் தொட்டவன் அவுட் என்று அவர்களே பேசி முடித்துக்கொண்டு முதல் பையன் பாடிப் போனான்.