டாங்கியில் தண்ணீரா? கண்ணாடிப் புட்டி சொல்லிவிடும்

பெட்ரோல் நிரப்பிவிட்டு சாலையில் ஏறிய சில நிமிடங்களில் கார் குலுங்குகிறது. எக்சலரேட்டரை மிதித்தாலும் வேகம் எடுப்பதில்லை. சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது இயந்திரம் அணைந்தே போகிறது. வெள்ளத்தில் நின்ற வண்டிகளும் இப்படித்தான் அடம்பிடிக்கும். உடனே ஸ்பார்க் பிளக்கையோ பெட்ரோல் பம்பையோ மாற்றச் சம்மதித்துவிடாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது எரிபொருளைத்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. பெட்ரோல் ஏறக்குறைய 740 கிராம். டீசல் 840 கிராம். தண்ணீர் இவற்றோடு கலக்காமல் டாங்கியின் அடியில் போய்த் தங்கிவிடும். பம்ப் உறிஞ்சுவதும் அந்த அடிப்பகுதியிலிருந்துதான். அதனால், முக்கால் டாங்கி நல்ல பெட்ரோல் இருந்தாலும் இயந்திரத்துக்கு முதலில் போவது தண்ணீர்தான்!

பட்டறையில் பொருத்தும் ஸ்கேனர், சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்று மட்டுமே காட்டும், காரணத்தைச் சொல்லாது. எனவே எரிபொருள் குழாயிலிருந்தோ டாங்கியின் அடியிலிருந்தோ மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். மேலாக எடுத்த மாதிரி சுத்தமாக இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கக் கூடியது. இது மெக்கானிக்கின் வேலை, வீட்டில் வேண்டாம்.

மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் ஊற்றி அரை மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனி அடுக்காகப் பிரிந்து, நடுவே கோடு தெரியும். பம்ப் கலக்கியடித்திருந்தால் முதலில் மங்கலாகத் தெரிந்து பிறகு பிரியலாம்.

இதில் ஒரு பொறி உண்டு. புட்டியில் இருப்பது முழுவதும் தண்ணீராகவே இருந்தால் கோடே தெரியாது. பார்ப்பவர் 'சுத்தமான பெட்ரோல்' என்று ஏமாந்துபோவார். அதற்கு, கேக் செய்யப் பயன்படுத்தும், நீரில் கரையும் சாயத்தில் ஒரு சொட்டு போதும். தண்ணீரில் அது பரவும். பெட்ரோலில் கரையாமல் மணிபோல் உருண்டு அடியில் விழும்.

டீசல் வண்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மலேசியாவில் 2019இல் டீசலில் 10 விழுக்காடு செம்பனை பயோடீசல் சேர்க்கத் தொடங்கினார்கள். பயோடீசல் சாதாரண டீசலைவிட அதிக ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கரும்பாசி போன்ற கசடை உண்டாக்கும். வடிகட்டி அடிக்கடி அடைத்துக்கொண்டால் இதையும் சந்தேகியுங்கள். பல டீசல் வண்டிகளில் வடிகட்டியின் அடியில் தண்ணீரை வெளியேற்றும் திருகு இருக்கிறது. அதைத் திறந்து வருவதைப் புட்டியில் பிடித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். டீசல் இன்ஜெக்டர்களுக்கு உராய்வைக் குறைப்பது டீசலேதான். தண்ணீருக்கு அந்த வழவழப்பு இல்லாததால் அவை விரைவில் தேய்ந்துவிடும். மாற்றும் செலவோ கொஞ்சநஞ்சமல்ல.

ஆகவே சந்தேகம் வந்ததும் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகாதீர்கள். ஒவ்வொரு திருகலும் தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். வண்டியை இழுத்துச் செல்லச் சொல்லுங்கள். மாதிரியில் பாதியை இறுக மூடி பட்டறையிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, எண்ணெய் நிரப்பிய ரசீதை நீங்கள் பத்திரப்படுத்துங்கள். நிலையத்தில் முறையிட நேர்ந்தால் இரண்டும் கேட்கப்படும்.