வாயே திறக்காத ஹிப்-ஹாப்!

மீஞ்சூரைத் தாண்டி காட்டுப்பள்ளி துறைமுகம் போகிற சாலையில் சத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. கன்டெய்னர் லாரியின் ஏர் பிரேக் ‘புஸ்ஸ்’ என்று மூச்சு விடும். எங்கோ இரும்பு மேல் இரும்பு விழும். நமக்குத் தலைவலி. ஹிப்-ஹாப்காரர்களுக்கோ அது கச்சாப் பொருள்!

ஹிப்-ஹாப் என்றால் மூச்சுவிடாமல் கொட்டும் ராப்தான் நினைவுக்கு வரும். பாட்டோ பேச்சோ இல்லாத, வெறும் ‘பீட்’டை மட்டுமே நம்பிய ஹிப்-ஹாப்பும் உண்டு. பார்க்கப்போனால் பீட்தான் மூத்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் 1973 ஆகஸ்ட் 11 அன்று டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டு போட்ட விருந்தைத்தான் ஹிப்-ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்திருப்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வைத்து, அந்தச் சில நொடிகளையே நீட்டிக்கொண்டு போனார்.

பின்னாளில் அந்த வேலைக்கு மெஷின் வந்தது. டெட்ராய்ட்டின் ஜே டில்லா அதில் மன்னன். ரத்த நோயும் லூபஸும் உடம்பை உருக்கிய நாட்களிலும் அவர் நிறுத்தவில்லை. 31 துண்டு இசைகள் கொண்ட ‘டோனட்ஸ்’ ஆல்பம், 2006 பிப்ரவரி 7, அவருடைய 32-வது பிறந்தநாளில் வெளியானது. மூன்றாம் நாள் இறந்துபோனார். அவர் தட்டிய எம்.பி.சி. மெஷின் இன்று வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய நண்பர் மேட்லிப், 2007-ல் இந்திய சினிமா இசையைத் துண்டு துண்டாக வெட்டி ஓர் ஆல்பமே போட்டார். ராஜா பாட்டில் பல்லவி முடிந்ததும் வருகிற இசைக்காகவே காத்திருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டுமா என்ன! அதே ஆண்டு, ஈழத்தமிழ்க் குடும்பத்தில் பிறந்த எம்.ஐ.ஏ., ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ துண்டைத் தன் ராப் பாட்டில் சேர்த்தார்.

ஓர் உறுத்தல் உண்டு. வெட்டி எடுக்கப்பட்ட அந்த நாலு நொடியில் தபேலா வாசித்தவர் யார்? பெரும்பாலும் கேசட் அட்டையிலேயே அவர் பெயர் இருந்திருக்காது. அனுமதி வாங்காமல் அடுத்தவர் இசையை வெட்டக் கூடாது என்று அமெரிக்க நீதிமன்றம் 1991-ல் கண்டித்துச் சொன்னது. அப்போதும் பணம் போவது உரிமையாளருக்குத்தான், வாசித்தவருக்கு அல்ல.

ஏர் பிரேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. போனில் பதிவு செய்து, பேண்ட்லேப் போன்ற இலவச ஆப்பில் வெட்டி ஒட்டலாம். துறைமுக கேட்டுக்கு வெளியே நின்றே பதிவு செய்யுங்கள். உள்ளே போனை நீட்டினால் செக்யூரிட்டி வந்துவிடுவார்!