மூச்சுவிடும் வயர்: எஞ்சின் மாற்றமும் ஆக்சிஜன் சென்சாரும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் பழைய காருக்கு வேறொரு எஞ்சினைப் பொருத்தித் தருவது நெடுங்காலமாக வேரூன்றிய தொழில். ஜப்பானில் ஓடி முடித்த கார்களைக் குறுக்கே அறுத்து, எஞ்சின், கியர்பெட்டி, வயர்க்கட்டு, எஞ்சினை ஆளும் கணினி ஆகிய அனைத்தும் அடங்கிய முன்பாதியை மட்டும் கப்பலில் அனுப்புவார்கள். மலேசியர்கள் 'ஹாஃப்கட்' என்று அழைக்கும் இந்தப் பாதிக் கார்கள் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கிக் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் போய்ச் சேர்கின்றன. ஜப்பானிலும் மலேசியாவிலும் ஓட்டுநர் இருக்கை வலப்புறமே இருப்பதால் வயர்க்கட்டு பெரும்பாலும் அப்படியே பொருந்திவிடும். ஆயினும் 1985இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும் 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலும் தொடக்கத்தில் கார்புரேட்டரால் எரிபொருள் ஊட்டப்பட்டவை. அவற்றில் மிட்சுபிஷியின் 4ஜி93 போன்ற ஊசித்தெளிப்பு எஞ்சின் குடியேறும்போது, அந்தக் கார் அதுவரை அறிந்திராத ஓர் உறுப்பும் உடன் வருகிறது. புகைக்குழாயில் திருகப்படும் ஆக்சிஜன் உணரி, அதாவது பட்டறை வழக்கில் ஓ-டூ சென்சார், என்பதே அது.

எஞ்சினை மாற்றும்போது இந்தச் சென்சாரின் வயர் கணினி வரை எட்டாமல் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. புகைக்குழாயை மாற்றினால் சென்சாரின் இடம் பின்னுக்குத் தள்ளப்படும்; ஹாஃப்கட்டை அறுக்கும்போதே பின்புறம் செல்லும் வயர்கள் துண்டாகிவிடும்; குறுக்காகக் கிடந்த எஞ்சினை நெடுக்காக வைத்தால் எல்லாத் தூரங்களும் மாறும். உதிரிகளாக வாங்கிப் பூட்டும் 'கிட்' கார்களிலும், 1986இல் சிட்னியில் தொடங்கிப் பின்னர் கோலாலம்பூரின் கெப்போங்கில் நிலைகொண்ட பூஃபோரி போன்ற கைவினைக் கார்களிலும், உடல் ஒருவருடையது, எஞ்சின் வேறொரு நிறுவனத்துடையது என்பதே அடிப்படை ஏற்பாடாக இருப்பதால், வயர்களின் நீளத்தைப் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இந்த உணரியின் உள்ளே இருப்பது தையற்காரர் விரலில் மாட்டும் உறையின் வடிவிலான ஒரு சிர்கோனியா பீங்கான். அதன் வெளிப்புறத்தைப் புகை தழுவுகிறது, உட்புறத்தில் சாதாரணக் காற்று நிற்கிறது. ஏறத்தாழ 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடேறியதும் இந்தப் பீங்கானின் ஊடாக ஆக்சிஜன் அயனிகள் நகரத் தொடங்குகின்றன. இரு புறத்திலும் உள்ள ஆக்சிஜன் அளவு எவ்வளவு வேறுபடுகிறதோ அதற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. 1920ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற வால்தர் நெர்ன்ஸ்ட் வகுத்த சமன்பாடே இங்கு வேலை செய்கிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதத்தை விடப் பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் அது காட்டும். கணினி 0.45 வோல்ட்டை எல்லையாக வைத்துக்கொண்டு, எரிபொருளை நொடிக்கு நொடி கூட்டியும் குறைத்தும் விகிதத்தைக் காக்கிறது. பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்த உணரி 1976இல் வோல்வோ கார்களில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

பீங்கானின் உட்புறத்துக்கு அந்தச் சாதாரணக் காற்று எவ்வழியாக வந்து சேர்கிறது என்ற கேள்விதான் வயரை நீட்டும் வேலையின் உயிர்நாடி. சேறும் நீரும் தெறிக்கும் இடத்தில் இருப்பதால் உணரியின் உடலை முழுமையாக அடைத்துவிட்டு, வயரின் உறைக்கும் உள்ளிருக்கும் இழைகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடுக்கின் வழியே காற்றை இழுத்துக்கொள்ளும்படி பல உணரிகளை அமைத்திருக்கிறார்கள். மின்சாரத்தைக் கொண்டுசெல்லும் அதே வயர் மூச்சுக்குழாயாகவும் இருக்கிறது என்பது எண்ண எண்ண வியப்பளிக்கும் வடிவமைப்பு. அந்த வயரை வெட்டி ஈயப்பற்று வைத்தால், உருகிய ஈயமும் அதனோடு சேரும் பசையும் இழைகளுக்கிடையே ஊறி இடுக்கை அடைத்துவிடும். உள்ளே ஆக்சிஜன் குறையக் குறைய மின்னழுத்தம் தாழும். தாழ்ந்த மின்னழுத்தத்தைக் காற்று மிகுதி என்று பொருள்கொள்ளும் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். ஸ்பார்க் பிளக்குகளில் கரி படியும், புகையைத் தூய்மையாக்கும் வினைமாற்றிக் கலன் அளவுக்கு மீறிச் சூடாகும். புதிய சென்சார், புதிய வயர், எல்லாம் சரியாக இருந்தும் பெட்ரோல் ஏன் இப்படிக் கரைகிறது என்று பட்டறையில் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

ஆகவே உணரியோடு பிறந்த வயரைத் தொடாமல், அதன் பிளக்குக்கு அப்பால், காரின் வயர்க்கட்டுப் பக்கத்தில் நீட்டுவதே முறை. இரு முனையிலும் பொருத்தமான பிளக்குகள் கொண்ட இடைவயர் ஒன்றைச் செய்து நடுவில் மாட்டினால் எதையும் வெட்ட வேண்டியதில்லை. வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால், ஈயத்துக்குப் பதிலாக உரிய இடுக்கியால் நசுக்கி இணைக்கும் உலோகக் குழலைப் பயன்படுத்தி, நான்கு வயர் உணரியின் நான்கு இணைப்புகளும் ஒரே இடத்தில் புடைத்து நிற்காதவாறு முன்பின்னாக அமைத்து, சூட்டில் சுருங்கும் உறையால் மூட வேண்டும். பிளக்கினுள் கிரீசு அடைப்பதும் சிலிகான் பூசுவதும் கூடாது.

நான்கு வயர்களின் சுமையும் ஒன்றல்ல. பாஷ் வகையில் வெள்ளை நிற வயர்கள் இரண்டும் பீங்கானைச் சூடேற்றும் ஹீட்டருக்கு உரியவை. கறுப்பு சமிக்ஞைக்கும், சாம்பல் நிறம் அதன் எர்த்துக்கும். டென்சோ நிறுவனத்தின் வகையிலோ ஹீட்டருக்குக் கறுப்பு, சமிக்ஞைக்கு நீலம், எர்த்துக்கு வெள்ளை என்று வருவதால் நிறத்தை நம்பி இணைப்பது ஆபத்து. ஹீட்டரில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் ஓடும், குளிர்ந்திருக்கும்போது இன்னும் கூடுதலாக ஓடும். 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் ஒரு மீட்டருக்கு 0.023 ஓம் தடையே தருவதால், போக ஒன்றும் வர ஒன்றுமாக இரண்டு மீட்டர் கூடினாலும் ஓர் ஆம்பியருக்கு இழப்பு 0.05 வோல்ட்டைத் தாண்டாது. சமிக்ஞை வயரில் மின்னோட்டம் அநேகமாக இல்லை என்பதால் அங்கே நீளம் பொருட்டல்ல, மின் இரைச்சல்தான் பகை. ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த அந்தச் சமிக்ஞையை ஸ்பார்க் பிளக் வயர்களுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் அருகே கொண்டுபோகாமல், உலோகப் பின்னலுறை போட்ட வயரில் செலுத்தி, பின்னலைக் கணினி முனையில் மட்டும் எர்த் செய்ய வேண்டும்.

ஒற்றை வயர் உணரிகளுக்குப் புகைக்குழாயும் எஞ்சினுமே எர்த். எஞ்சினை இறக்கி ஏற்றும்போது அதையும் சட்டகத்தையும் பிணைக்கும் எர்த் பட்டையை மாட்ட மறந்தாலோ, துரு படிந்த இடத்தில் மாட்டினாலோ, அங்கே எழும் 0.1 வோல்ட் வேறுபாடே 0.45 என்ற எல்லையைக் குழப்பப் போதுமானது. கண்ணாடியிழை உடல் கொண்ட கிட் கார்களில் உடலே மின்கடத்தாப் பொருள் என்பதால் ஒவ்வோர் எர்த்துக்கும் தனி வயர் தேவை.

எஞ்சின் தாங்கிகளைப் பற்றவைப்பதில் இன்றைய பட்டறைகள் காட்டும் அக்கறையில் பாதியையேனும் வயர் செல்லும் பாதைக்கும் காட்டுவது தகும். சாதாரண பிவிசி உறை 105 டிகிரிக்கு மேல் தாங்காது. டெஃப்லான் உறை 260 டிகிரி வரை தாங்கும். புகைக்குழாய் அருகே செல்லும் பகுதிக்குக் கண்ணாடியிழை உறை போட்டு, எஞ்சின் அசையும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வும் விட வேண்டும். புதிய இடத்தில் பற்றவைக்கும் 18 மில்லிமீட்டர் மரையை, உணரி கிடைநிலையிலிருந்து குறைந்தது 10 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு அமைத்தால், குழாயில் திரளும் நீர் சூடான பீங்கான்மீது பட்டு அதைப் பிளக்காது.

கலவை விகிதத்தைத் துல்லியமாக அளக்கும் அகலப்பட்டை உணரிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. பாஷ் எல்எஸ்யூ வரிசையின் பல வகைகளில், ஒவ்வோர் உணரிக்கும் ஆலையிலேயே அளந்து அமைத்த மின்தடை ஒன்று பிளக்கினுள் இருக்கிறது. அந்தப் பிளக்கை வெட்டி எறிந்தால் அளவீட்டின் துல்லியமும் அதனோடு போய்விடும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை நன்கு சூடாக்கி, நிமிடத்துக்கு 2000 சுழற்சிக்கு மேல் நிறுத்திச் சமிக்ஞையைப் பார்த்தால், அது 0.1க்கும் 0.9க்கும் இடையே இடைவிடாது ஏறி இறங்க வேண்டும். 0.45இல் அசையாமல் நின்றால், பல கணினிகளில் அது உணரியின் குரலே அன்று. வயர் அறுந்திருக்கும்போது கணினி தானே நிரப்பிக்கொள்ளும் மின்னழுத்தம் அது. எஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் வாகனப் பரிசோதனை மையத்தின் பரிசோதனையும் தேவைப்படுவதால், காரை அங்கே கொண்டுசெல்லும் முன்பே இந்தச் சோதனையைப் பட்டறையில் செய்து முடிப்பது நல்லது.