மாத்திரையும் நுரையீரலும்

மாத்திரையில் இருவகைப் பொருள்கள் உண்டு. ஒன்று, நோய் தீர்க்கும் மருந்து. மற்றது, அதைத் திரட்டி உருக்கொடுக்கும் மாவு, மரநார்த்தூள், டால்க் என்னும் கல்மாவு முதலியன. உண்டால், குடல் மருந்தை உறிஞ்சிக்கொண்டு கரையாத தூளை வெளியேற்றிவிடும்.

ஆயின், வலிமருந்தைக் கரைத்துப் போதைக்காகச் சிரையில் ஏற்றிக்கொள்வோர் உளர். மிசோரத்தில் டெக்ஸ்ட்ரோபுரோபாக்சிபீன் குளிகை இவ்வாறு பலரை வீழ்த்தியது. 2013-இல் மைய அரசு அம்மருந்துக்குத் தடை விதித்தது. அண்மை ஆண்டுகளில் சென்னையில் டேப்பெண்டடால் மாத்திரை அவ்வாறே தவறாகப் பயன்படுகிறது.

சிரையில் புகுந்த தூள் இதயத்தின் வலப்பக்கம் வழியே நேராக நுரையீரலை அடைகிறது. அங்குள்ள தந்துகிகள் தலைமயிரின் பருமனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. துகள்கள் அங்கே சிக்குகின்றன. வெள்ளணுக்கள் அவற்றைச் சூழ்ந்து சிறு கட்டிகளாகின்றன. குழாய்ச் சுவர் தடித்து வழி குறுகுகிறது. அவ்வழியே இரத்தத்தைத் தள்ளித் தள்ளி வலப்பக்க இதயம் களைக்கிறது, மூச்சு முட்டுகிறது.

பஞ்சில் வடித்தால் போதாதா? போதாது, நுண்துகள் பஞ்சைக் கடந்துவிடும். பழக்கத்தை விட்ட பின்னும் கல்மாவு கரைவதில்லை. தீங்கு வளரவும் கூடும். எனினும், விட்டவருக்குப் புதிய தூள் சேர்வதில்லை என்பது பெரும் நன்மையே.

மார்புப் படத்தில் இந்நோய் சிலபோது காசநோய்போல் தோன்றும். உள்ளதைச் சொன்னால்தான் மருத்துவருக்குக் காரணம் விளங்கும். ஆகவே, இவ்வழி சென்ற நண்பனை வையாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கருவடிக்குப்பத்தார்க்குக் கோரிமேட்டு ஜிப்மர் மருத்துவமனை தொலைவன்று.