உங்களுக்குத் தெரியுமா? ஆரணிப் பட்டுக்கு ஒரு தேர்வுப் பெட்டி

ஆரணியில் பட்டுக் கடையிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ பில் போடும் திரையைக் கவனித்திருப்பீர்கள். ஒரு சிறு அம்புக்குறியை அழுத்தினால் பட்டியல் ஒன்று கீழே விரியும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் மூடிக்கொள்ளும். நிரல் எழுதுகிறவர்கள் அதை காம்போ பாக்ஸ் என்பார்கள். அதைத் திரையில் வைக்க நான்கு வரி நிரல் போதும். ஆனால் பட்டு வியாபாரத்துக்குச் சரியாக உழைக்கும்படி வைப்பது வேறு வேலை. ஆரணிக் கடை ஒன்றுக்கு நாம் மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

● 1990 மே மாதம் வந்த விண்டோஸ் 3.0-இல்தான் காம்போ பாக்ஸ் அந்த இயங்குதளத்தின் சொந்த உறுப்பாக இடம்பெற்றது. எழுதும் பெட்டி, பட்டியல் பெட்டி இரண்டையும் சேர்த்துத் தைத்ததுதான் அது. அடுத்த ஆண்டே விஷுவல் பேசிக் வந்தது. பெட்டியை எலியால் இழுத்துப் படிவத்தில் வைத்தால் போதும் என்றானது. 1998-இல் வந்த விஷுவல் பேசிக் 6-ஐ நம் சிற்றூர்க் கம்ப்யூட்டர் சென்டர்களில் படித்தவர்கள் ஏராளம். அதில் எழுதிய நிரல்கள் இன்றைய விண்டோஸிலும் ஓடுகின்றன.

● இந்தப் பெட்டியில் மூன்று வகை உண்டு. பட்டியலிலிருந்தும் எடுக்கலாம், புதிதாகவும் தட்டச்சு செய்யலாம் என்பது ஒன்று. பட்டியல் எப்போதும் விரிந்தே இருப்பது இன்னொன்று. பட்டியலில் உள்ளதை மட்டுமே எடுக்க முடியும், தட்டச்சுக்கு இடமில்லை என்பது மூன்றாவது. வாடிக்கையாளர் பெயருக்கு முதல் வகை சரி. சேலையின் நிறத்துக்கு மூன்றாவது வகைதான் வேண்டும். ஏன் என்பதற்கு அடுத்த துணுக்கைப் படியுங்கள்.

● இசைமேதை எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் ஒரு நீலம் இருக்கிறது. அதைக் கேட்டு வருகிறவர்கள் இன்றும் உண்டு. நிறத்தைக் கையால் தட்டச்சு செய்ய விட்டால் காலையில் இருப்பவர் ‘எம்.எஸ். ப்ளூ’ என்று போடுவார். மாலையில் வருபவர் ‘எம் எஸ் புளூ’ என்பார். கணக்குப் பார்ப்பவர் ‘எம்எஸ் நீலம்’ என்று எழுதுவார். கடைக்காரருக்கு ஒரே நிறம், கணினிக்கு மூன்று. ஆடி மாதக் கையிருப்பை எண்ணும்போது ஒரே அலமாரிச் சேலைகள் மூன்று வரிகளில் சிதறிக் கிடக்கும்.

● 20 நிறங்கள் வைத்திருக்கும் கடையில் உடல், பார்டர், முந்தி மூன்றுக்கும் நிறம் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘அரக்கு உடல், பச்சை பார்டர், மஞ்சள் முந்தி’ என்று ஒவ்வொரு சேர்க்கையையும் ஒரே பட்டியலில் அடுக்கினால் 20 × 20 × 20, அதாவது 8,000 வரிகள். மூன்று பெட்டிகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 20 வரிதான். மொத்தம் 60.

நெசவு தெரிந்தவர் இதோடு விடமாட்டார். மயில்கழுத்து நிறம் எப்படி வருகிறது என்று கேளுங்கள். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓடுவதால் வருகிறது. சேலையைச் சாய்த்துப் பிடிக்கும்போது ஒரு நிறம் இன்னொன்றாக மாறும். அப்படியானால் உடலுக்கு ஒரு நிறப் பெட்டி போதாது, பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று என இரண்டு தேவை. பில் போடும் இடத்தில் ‘மயில்கழுத்து’ என்ற ஒற்றைப் பெயர் போதும். சாயம் போட நூல் அனுப்பும் இடத்தில் இரண்டு பெட்டிகள் இல்லாவிட்டால் வேலை நடக்காது. ஒரே சேலைதான்; யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துப் பெட்டிகளின் எண்ணிக்கை மாறுகிறது. இதை எந்த நிரல் பாடநூலும் சொல்லித் தராது. தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

● பிரான்சின் ஜோசப் மாரி ஜக்கார்டு 1804-இல் உருவாக்கிய பொறியின் வழித்தோன்றல்தான் நம் தறிகளின் மேலே ஏறி நிற்கும் ஜக்கார்டு பெட்டி. அட்டையில் துளை இருந்தால் அந்தப் பாவு இழை உயரும், இல்லாவிட்டால் கீழேயே இருக்கும். புது டிசைன் வேண்டுமென்றால் தறியைப் பிரித்துக் கட்டுவதில்லை, அட்டைகளைத்தான் மாற்றுகிறோம். தேர்வுப் பெட்டியும் அப்படித்தான் இருக்க வேண்டும். நிறங்களின் பெயர்களை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தால் ஒரு புது நிறம் வரும்போதெல்லாம் நிரல் எழுதியவரைத் தேடிப் போக வேண்டும். தரவுத்தளத்தில் தனி அட்டவணையாக வைத்தால் கடைக்காரரே ஒரு வரி சேர்த்துக்கொள்வார். இந்தத் துளை அட்டைகளின் யோசனையைத்தான் கணினி முன்னோடி சார்லஸ் பாபேஜ் தன் பகுப்பாய்வுப் பொறிக்கு எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தைச் சுமார் 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த படம் ஒன்றையும் அவர் வைத்திருந்தார்.

● பெட்டியில் எதையும் தேர்ந்தெடுக்காத நிலைக்கு ஓர் எண் உண்டு: −1. பட்டியலின் முதல் வரி 0, இரண்டாவது 1. திரை திறந்ததும் பெட்டி −1-இல் நிற்பதுதான் நல்லது. ‘வெறுமையாக இருக்கிறதே’ என்று முதல் நிறத்தை நிரலே தேர்ந்தெடுத்து வைத்தால், அவசரத்தில் அதைத் தொடாமல் சேமித்துவிடுவார்கள். சாயப் பட்டறைக்கு அரக்கு என்று சீட்டுப் போகும். கேட்டது வேறு நிறமாக இருக்கும். காகிதத்தில் எழுதியதை அடிக்கலாம். சாயம் ஏறிய பட்டை என்ன செய்வது?

● இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. தேர்ந்தெடுத்த நிறத்தின் வரிசை எண்ணையே தரவுத்தளத்தில் சேமித்துவிடுவது. இன்று பவளத்தின் வரிசை எண் ஏழு. நாளை அகர வரிசையில் அதற்கு முன்னால் ஒரு புது நிறம் நுழைந்தால் பவளத்தின் எண் எட்டாகிவிடும். பழைய பில்களில் உள்ள ஏழு இப்போது வேறு நிறத்தைக் காட்டும். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் அமைதியாகத் தவறிப்போகும். ஒவ்வொரு நிறத்துக்கும் மாறாத அடையாள எண் ஒன்றைக் கொடுத்து, திரையில் பெயரைக் காட்டி, உள்ளே எண்ணைச் சேமிப்பதே முறை.

● ஜி.எஸ்.டி. பட்டியலில் தமிழ்நாட்டின் எண் 33. புதுச்சேரி 34, கர்நாடகம் 29, ஆந்திரம் 37. பில்லில் மாநிலம் என்ற பெட்டியில் பெயரைத்தான் பார்க்கிறோம். உள்ளே போவது இந்த எண். வேலூர் வியாபாரிக்குச் சேலை போனால் 5 சதவீத வரி மத்திய, மாநில வரிகளாக இரண்டரை இரண்டரையாகப் பிரியும். சித்தூர் வியாபாரிக்கு அனுப்பினால் அதே 5 சதவீதம் ஒருங்கிணைந்த வரியாக மொத்தமாகப் போகும். ஒரு பெட்டியில் எடுக்கும் ஒரு வரி வரிக்கணக்கையே திருப்பிவிடுகிறது. பட்டுத் துணிக்கான தலைப்பு எண் 5007. அது எல்லாப் பட்டுச் சேலைக்கும் ஒன்றுதான் என்பதால் அதற்குப் பெட்டியே வேண்டாம், நிரலே போட்டுக்கொள்ளட்டும்.

● நமக்குத் தெரிந்த ஆரணி திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்திலும் ஓர் ஆரணி உண்டு, அது பேரூராட்சி. ஊர்ப் பெட்டியில் ‘ஆரணி’ என்று இரண்டு வரி வந்தால் பார்சல் எங்கே போகும்? அதனால்தான் முதலில் மாவட்டம், பிறகு வட்டம், பிறகு ஊர் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கும் பெட்டிகள். மாவட்டத்தை மாற்றினால் கீழே உள்ள இரண்டையும் காலி செய்ய மறக்கக் கூடாது. மறந்தால் ‘திருவள்ளூர் மாவட்டம், போளூர் வட்டம்’ என்று உலகில் இல்லாத முகவரி பதிவாகும். ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயரை இரண்டு விதமாக எழுதுகிறார்கள் என்பதும் இதோடு சேர்ந்த சிக்கல்.

● பக்கத்து ஊரான ஆற்காடு 2019 நவம்பர் வரை வேலூர் மாவட்டம். பிறகு ராணிப்பேட்டை மாவட்டம். பட்டியலைத் திருத்தும்போது பழைய வரியை அழித்துவிட்டால், 2018-இல் போட்ட பில்லைத் திறக்கும்போது மாவட்டம் வெறுமையாக நிற்கும். நின்றுபோன டிசைனுக்கும் இதே கதைதான். பட்டியல் வரியை ஒருபோதும் அழிக்காதீர்கள். ‘இனிப் புதிய பில்லில் காட்டாதே’ என்று ஒரு குறி மட்டும் போடுங்கள்.

● தமிழ் அகர வரிசையில் பவளம் முன்னால், பழுப்பு பின்னால். ‘வ’வுக்குப் பிறகுதானே ‘ழ’? யூனிகோடு எண் வரிசையில் ‘ழ’ முன்னால் இருக்கிறது. அதனால் எண்ணைப் பார்த்து அடுக்கும் நிரல் பழுப்பை முதலில் வைக்கும். புள்ளியும் இப்படித்தான். அகராதியில் ‘பச்சை’க்குப் பிறகு ‘பசும்பொன்’. எண் வரிசையில் தலைகீழ். வரிசைப்படுத்தும்போது தமிழுக்குரிய ஒப்பீட்டு விதியைக் கேட்டுப் பெற வேண்டும். பள்ளியில் அகர வரிசை படித்தவர் பெட்டியில் ஒரு நிறத்தைத் தேடி, இருக்க வேண்டிய இடத்தில் காணாமல், ‘இந்த நிறம் இல்லை’ என்று முடிவுகட்டினால் குற்றம் அவர்மீது இல்லை.

● பெட்டியில் நின்றபடி எழுத்தைத் தட்டினால் அந்த எழுத்தில் தொடங்கும் வரிக்குத் தாவும். எல்லா வரியும் ‘பட்டுச் சேலை – அரக்கு’, ‘பட்டுச் சேலை – பவளம்’ என்று ஒரே சொல்லில் தொடங்கினால் இந்த வசதி வீண். வேறுபடுத்தும் சொல் முதலில் வரட்டும்.

● பெட்டியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பக்கத்தைக் கீழே நகர்த்த எலியின் சக்கரத்தை உருட்டுகிறார் கணக்கர். விண்டோஸில் கவனம் இன்னும் பெட்டியிலேயே இருந்தால் பக்கம் நகராது. தேர்ந்தெடுத்த வரி மாறிவிடும். கையிருப்பில் வரும் மர்மமான பிழைகளுக்கு இது ஒரு காரணம். பட்டியல் மூடியிருக்கும்போது சக்கரத்தைப் பொருட்படுத்தாதபடி எழுதுவது சில வரிகளில் முடியும் வேலை.

● டாட்நெட் வின்ஃபார்ம்ஸ் பழகுகிறவர்களுக்கு: டேட்டா சோர்ஸைக் கொடுத்த நொடியே ‘தேர்வு மாறியது’ என்ற நிகழ்வு எழும், யாரும் எதையும் தொடாமலே. எனவே டிஸ்ப்ளே மெம்பர், வேல்யூ மெம்பர் இரண்டையும் முதலில் எழுதிவிட்டு, டேட்டா சோர்ஸைக் கடைசியில் கொடுங்கள். மனிதர் கைப்பட மாற்றியதை மட்டும் அறிய செலக்‌ஷன் சேஞ்ச் கமிட்டட் என்ற தனி நிகழ்வு இருக்கிறது. க்யூட்டி (Qt) என்ற நிரல் தொகுப்பில் அந்த வேலையை ஆக்டிவேட்டட் செய்கிறது.

● ஆறு கஜமா, ஒன்பது கஜமா? இதற்கு விரியும் பெட்டி தேவையில்லை. பெட்டியில் திறக்க ஒரு சொடுக்கு, எடுக்க ஒரு சொடுக்கு. ரேடியோ பொத்தானில் ஒரே சொடுக்கு. எல்லாத் தெரிவுகளும் கண்முன் இருக்கும். அசல் சரிகையா, ஹாஃப் ஃபைனா, இமிடேஷனா என்பதும் அப்படியே. வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயத்தை மூடிய பெட்டிக்குள் வைப்பானேன்?

● விரியும் பட்டியல் இயல்பாகக் காட்டுவது வின்ஃபார்ம்ஸிலும் ஜாவா ஸ்விங்கிலும் 8 வரிகள், க்யூட்டியில் 10. அகலம் பெட்டியின் அகலமே. தமிழ்ப் பெயர்கள் நீளமானவை. பட்டியலின் அகலத்தைத் தனியாகக் கூட்டலாம். வரியின் உயரத்தையும் சற்றுக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ‘பூ’, ‘நூ’ போன்ற எழுத்துகளின் அடி வெட்டுப்படும்.

● விண்டோஸில் F4 விசையை அழுத்தினால் பெட்டி திறக்கும். ஆல்ட்டுடன் கீழ் அம்பும் அதையே செய்யும். பார்வையற்ற ஒருவர் என்.வி.டி.ஏ. போன்ற இலவசத் திரைவாசிப்பானுடன் இதே கடையில் கணக்கு எழுதலாம். பெட்டிக்கு முன்னால் ‘பாவு நிறம்’ என்ற பெயர்ப்பலகையை முறையாக இணைத்திருந்தால்தான் அவர் காதில் அது விழும்.

● ஆரணிப் பட்டுக்குத் தனிப் புவிசார் குறியீடு இருக்கிறது, காஞ்சிபுரம் பட்டுக்கு இருப்பதுபோலவே. ஆகவே சரக்கு வகைப் பெட்டியில் ‘காஞ்சிபுரம்’ என்று ஒரு வரியும் ‘மற்றவை’ என்று ஒரு வரியும் போட்டு முடித்துவிடுவது ஆரணி நெசவாளருக்குச் செய்யும் அநீதி. அவர் நெய்ததற்குச் சட்டமே ஒரு பெயர் கொடுத்திருக்கிறது. ‘ஆரணிப் பட்டு’ என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்.

நெசவூர்களுக்கு மென்பொருள் எழுதும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: பட்டியலை இணையத்திலிருந்து இறக்காதீர்கள். தறி வீட்டுக்கும் சாயப் பட்டறைக்கும் ஒரு நடை போய், அவர்கள் நிறத்துக்கும் பார்டருக்கும் புட்டாவுக்கும் என்ன பெயர் சொல்கிறார்களோ அதை எழுதி வாங்கிவந்து, பெட்டியை அதிலிருந்து நிரப்புங்கள்.